தோல் வைத்த நிக்கர்

அந்த நிக்கரின் அடியில் எதற்காகத் தோல் வைத்துத் தைத்திருக்கிறார்கள் என்று ஜெயலட்சுமிக்கு விளக்கிச் சொல்வதற்குள் குழந்தைவேலுவுக்கு வேர்த்து விறுவிறுத்துவிட்டது.

"சைக்கிள் சீட்டுல உக்காந்து மிதிச்சா உரசும் இல்லையா, அதுக்குத்தான். மெத்துன்னு இருக்கும். தொட்டுத்தான் பாரேன்."

"நான் தொட மாட்டேன். என்ன விலைன்னு சொல்லுங்க."

காலையிலிருந்து இந்தக் கேள்வியைத்தான் அவன் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தான். இனி முடியாது. மெல்லிய குரலில் விலையைச் சொன்னான். ஜெயலட்சுமி பக்கத்திலிருந்த டிரங்குப் பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"ஏங்க, இந்த விலைக்கு ஒரு சைக்கிளே வாங்கியிருக்கலாமே!"

"சைக்கிள்தான் நம்மகிட்ட இருக்கே," என்றான் குழந்தைவேலு.

அறுபத்தைந்தாம் வருஷம் அது. போர்ட் பிளேருக்குக் கப்பல் வருகிற நாளில் எந்த அலுவலகத்திலும் பாதி நாற்காலிகள் காலியாகத்தான் இருக்கும். உருளைக்கிழங்கு, கடிதம், மாமியார் என்று எல்லாருக்கும் மெயின்லேண்டிலிருந்து ஏதாவது ஒன்று வந்திறங்கும். குழந்தைவேலுவும் முந்தின நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு கப்பல்துறை ஜெட்டியில் கால் கடுக்க நின்று, கப்பல் ஸ்டோர்கீப்பர் மூலமாகக் கல்கத்தாவிலிருந்து தருவித்த பார்சலை வாங்கி வந்திருந்தான். உள்ளே ஒரு கம்பளி பனியனும் இந்த நிக்கரும் இருந்தன. சீமையில் சைக்கிள் பந்தயக்காரர்கள் இதைத்தான் உடுத்துகிறார்களாம். லைப்ரரியில் ஒரு பத்திரிகையில் படம் பார்த்திருக்கிறான்.

ஆசைக்காக வாங்கியதல்ல. அவன் குமாஸ்தாவாக இருந்த அலுவலகத்திலிருந்து யாராவது ஒருவர் லாங் ஐலண்டுக்கு மாற்றலாகிப் போக வேண்டும் என்று ஒரு மாதமாகப் பேச்சு அடிபட்டது. அங்கே போக மோட்டார் போட்தான். அதுவும் கடல் அனுமதித்தால். ஜெயலட்சுமி ஜங்லிகாட்டில் பள்ளிக்கூட டீச்சர். அவள் வேலையை விட்டு வர முடியாது. கல்யாணமாகி இன்னும் இரண்டாம் தீபாவளிகூட வரவில்லை. அவளை விட்டுவிட்டு ஒரு தீவில் தனியாகச் சோறு பொங்கித் தின்பதை நினைத்தால் குழந்தைவேலுவுக்கு அழுகை வந்தது. பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே இரண்டு தடவை அழுதிருக்கிறான்.

அப்போதுதான் அவனுக்கு துரைசாமியின் ஞாபகம் வந்தது. துரைசாமி அவனுக்குப் பக்கத்து மேஜைக்காரன். அலுவலகத்தில் வருஷாவருஷம் நடக்கிற சைக்கிள் ரேஸில் அவன்தான் முதலில் வருவான். அவனை எந்தத் தீவுக்கும் இதுவரை மாற்றியதில்லை. சூப்பரின்டென்டென்ட் பக்தவத்சலம் விளையாட்டுப் பிரியர். ஜெயிக்கிறவனை அவர் பக்கத்திலேயே வைத்துக்கொள்வார். ஆகவே, இந்த வருஷம் ரேஸில் ஜெயித்துவிட்டால் லாங் ஐலண்ட் துரைசாமியின் தலையில் விடியும். குழந்தைவேலுவுக்குத் தன் முடிவுகளில் சந்தேகமே வந்ததில்லை. முடிவுகள்தான் சில சமயம் அவனைக் கைவிட்டிருக்கின்றன.

"நல்ல சரக்குன்னா விலை இருக்கத்தான் செய்யும். விலையப் பாக்காதே ஜெயா, தரத்தப் பாரு," என்றான்.

"பாத்தேன். தொடை தெரியுது."

விடுமுறை முடிந்து மறுநாள் அலுவலகத்தில் துரைசாமி அவனைத் தேடி வந்தான்.

"வேலு, முந்தாநாள் ஆளையே காணோமே?"

"ஜெட்டிக்குப் போயிருந்தேன். ரேஸுக்கு டிரெஸ் வந்திருக்கு. கல்கத்தா மால், அசல் சரக்கு." விஷயத்தை விவரமாகச் சொன்னான்.

துரைசாமி வாயைப் பிளந்து கேட்டான். "தோல் வெச்சதா? அரே, அப்ப இந்த வருஷம் நீதான் ஃபர்ஸ்ட். பக்கா! எங்களால உன்கிட்ட நிக்க முடியுமா?"

சொன்னதோடு நிற்காமல் டீயும் வாங்கிக் கொடுத்தான். துரைசாமி ஒருவனுக்கு டீ வாங்கிக் கொடுத்ததை அந்த அலுவலகம் அதற்கு முன் கண்டதில்லை. ஆள் அரண்டுவிட்டான், உடுப்பு இன்னும் பெட்டியில் இருக்கும்போதே வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது என்று குழந்தைவேலு புரிந்துகொண்டான்.

அன்று மாலை பயிற்சிக்குக் கிளம்பினான். நிக்கர் தோலோடு தோலாக ஒட்டிக்கொண்டது. வாசலில் இறங்கியதும் குழாயடியில் குடம் வைத்திருந்த பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். ஒருத்தி சிரிப்பை அடக்க முடியாமல் குடத்தைக் கவிழ்த்துவிட்டாள்.

ஜெயலட்சுமி அவன் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். "அந்த மூணாவது குடம் எங்க ஹெட்மிஸ்ட்ரஸோட தங்கச்சிங்க. மேல ஒரு லுங்கியச் சுத்திக்கிட்டுப் போங்க."

சுற்றிக்கொண்டு போனான். இறக்கத்தில் வேகம் பிடித்ததும் லுங்கி செயினுக்குள் போனது. சைக்கிள் நின்றது, குழந்தைவேலு நிற்கவில்லை. நூர்முகம்மதுவின் பலசரக்குக் கடைக்கு எதிரே இருந்த சாக்கடையில் போய் இறங்கினான்.

நூர்முகம்மது ஓடி வந்து தூக்கிவிட்டார். "என்ன பாபு இது, கீழ ஒண்ணு, மேல ஒண்ணு?"

"கீழ இருக்கிறதுதான் முக்கியம் பாய். கல்கத்தா மால்."

"மேல இருக்கிறதுதானே உங்களக் கவுத்துச்சு," என்றார் அவர்.

சேற்றோடு வந்த உடுப்பை ஜெயலட்சுமி மூக்கைப் பிடித்துக்கொண்டு வாங்கினாள். இத்தனை விலை கொடுத்த துணி, நன்றாகத் துவைக்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் வெந்நீரில் முக்கி, சவுக்காரம் போட்டு, கல்லில் ஓங்கி அடித்தாள். காய்ந்தபின் பார்த்தால் பனியன் தொப்புளுக்கு மேலே நின்றது. நிக்கரின் தோல் பலகையாகிவிட்டது. குழந்தைவேலு அதைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தபோது டக்கென்று சத்தம் கேட்டது.

"மட்டமான மாலா இருந்தா கிழிஞ்சே போயிருக்கும்," என்றான் குழந்தைவேலு, எழுந்து நின்றபடியே.

ஜெயலட்சுமிக்கு மனசு கேட்கவில்லை. தன் பழைய பூப்போட்ட ரவிக்கைத் துணியைக் கிழித்துப் பனியனின் அடியில் ஒரு பட்டை வைத்துத் தைத்துக் கொடுத்தாள். தோலுக்கு வழி கேட்டு அவன் நூர்முகம்மதுவிடம் போனான்.

"தோல்னா எண்ணெய் காட்டணும் பாபு. இந்த ஊர்ல தேங்காயெண்ணெய்க்கா பஞ்சம்? நல்லாக் குடிக்கிற அளவுக்குத் தேய்ங்க."

குழந்தைவேலு எதையும் அரைகுறையாகச் செய்கிறவனல்ல. தோல் குடித்தது போக, மிச்சம் சொட்டுகிற அளவுக்குத் தேய்த்து வேலியில் காயப்போட்டான். மாலையில் எடுத்துப் பார்த்தால் தோல் பழையபடி மெத்தென்று இருந்தது. உடனே மாட்டிக்கொண்டு, இந்த முறை லுங்கியும் இல்லாமல், கண்ணை மூடிக்கொண்டு குழாயடியைத் தாண்டினான்.

ஏற்றத்தில் பாதி போயிருப்பான். எண்ணெய்க்காக வேலியில் ஏறிய செவ்வெறும்புகள் இன்னும் இறங்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. அதற்குப் பின் அவன் மிதித்த மிதியை ஜங்லிகாட் அதுவரை பார்த்ததில்லை. நடுவழியில் துரைசாமியைத் தாண்டினான். லாரி ஒன்றையும் தாண்டினான்.

"வாஹ் வேலு, வாஹ்!" என்று பின்னாலிருந்து துரைசாமி கத்தியது காதில் விழுந்தது.

அன்றிரவு அவன் சோற்றை நின்றுகொண்டேதான் சாப்பிட்டான். "வலிக்குதா?" என்று ஜெயலட்சுமி கேட்டாள்.

"வலி கிடக்கட்டும். ஏத்தத்துல லாரியத் தாண்டுனேன் தெரியுமா? சாதா டவுசர் போட்டு இது நடக்குமா?"

"சாதா டவுசருக்கு எறும்பு வராதுங்க," என்றாள் அவள்.

எறும்பை விரட்ட நிக்கருக்கு மண்ணெண்ணெய் தெளித்தார்கள். எறும்புகள் போய்விட்டன, வாசனை மட்டும் போகவில்லை. வெயிலில் போட்டாலும் போகவில்லை; புனுகு பூசியும் போகவில்லை. புனுகும் மண்ணெண்ணெயும் சேர்ந்ததில், முன்னால் இருந்ததே தேவலை என்று ஆகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ரேஸ். வீட்டைவிட்டுக் கிளம்பும்போது ஜெயலட்சுமி அவனுக்கு நெற்றியில் திருநீறு பூசினாள்.

"ஜெயிச்சிருவீங்க இல்ல? உங்கள அனுப்பிட்டு என்னால இங்க தனியா இருக்க முடியாதுங்க."

"நான் எங்கயும் போக மாட்டேன். இந்த நிக்கர் மேல சத்தியம்."

"வேற எது மேலயாவது பண்ணுங்க," என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

அபர்தீன் மணிக்கூண்டிலிருந்து பத்துபஸ்தி வரை போய்த் திரும்ப வேண்டும். நான்கு பேர் சைக்கிளோடு நின்றார்கள். மற்ற மூவரும் சாதாரணக் காக்கி அரை டவுசரில் இருந்தார்கள். அவர்களைப் பார்க்கக் குழந்தைவேலுவுக்குப் பரிதாபமாக இருந்தது. தொப்புளுக்குக் கீழே ரோஜாப்பூப் பட்டையோடு அவன் நடுநாயகமாக நின்றான். பக்தவத்சலம் கை குலுக்க வந்தவர், கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு தூரத்திலிருந்தே ஆசீர்வதித்துவிட்டு ஜீப்பில் ஏறிக்கொண்டார். அலுவலகப் பியூன் சேக் தாவூத் சிவப்புத் துணியை ஆட்டினார்.

குழந்தைவேலு பாய்ந்தான். முதல் திருப்பத்திலேயே மற்ற மூவரும் பின்தங்கிவிட்டார்கள். காற்று அவனிடமிருந்து அவர்கள் பக்கம் வீசிக்கொண்டிருந்தது. அதனால்தான் யாரும் கிட்டே வரவில்லை என்று பார்த்தவர்கள் நினைத்திருக்கலாம். அவன் அப்படி நினைக்கவில்லை. ஜங்லிகாட் ஏற்றத்தில் திரும்பிப் பார்த்தபோது துரைசாமி இறங்கி நின்று டயரை அமுக்கிக்கொண்டிருந்தான். இன்னொருவன் வேர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தான். மூன்றாமவன் கண்ணிலேயே படவில்லை.

பத்துபஸ்தி பக்கம் போனபோது பின்னால் ரோடே காலியாக இருந்தது. வழி தவறிவிட்டோமோ என்று அவனுக்குப் பயம் வந்துவிட்டது. எதிரே வந்த ஒருவரை நிறுத்தி, "பாய் சாப், ரேஸ் இதே ரோட்டுலதானே?" என்று கேட்டான். அவர் அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, வாசனை தாங்காமல், பதில் சொல்லாமலே நகர்ந்துவிட்டார். பக்தவத்சலத்தின் ஜீப் தூரத்தில் வருவதைப் பார்த்த பிறகுதான் உயிர் வந்தது.

திரும்பி வரும்போது மற்ற மூவரும் இன்னும் எதிர்த்திசையிலேயே வந்துகொண்டிருந்தார்கள். மூவரும் அவனைப் பார்த்துக் கைதட்டினார்கள். எவ்வளவு பெருந்தன்மை என்று நினைத்தபோது குழந்தைவேலுவுக்கு நெஞ்சு நெகிழ்ந்தது. தோற்கிறவர்களும் சிரித்துக்கொண்டு தோற்கும்படி செய்கிறது நல்ல உடுப்பு.

மணிக்கூண்டில் அவன் வந்து இறங்கியபோது மாலை தயாராக இருந்தது. பக்தவத்சலம் மூக்கைக்கூடப் பொத்தாமல் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"ஷாபாஷ்! துரைசாமிதான் வருவான்னு நினைச்சேன்யா. நீ இப்படி ஓட்டுவேன்னு எனக்குத் தெரியாமப் போச்சே!"

கோப்பையைக் கையில் கொடுத்தார். வெகுநேரம் கழித்து வந்து சேர்ந்த துரைசாமி, சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடி வந்து குழந்தைவேலுவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான். அவன் கண்ணில் தண்ணீர் நின்றது. "உன்ன நான் மறக்கவே மாட்டேன் வேலு," என்றான்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஜெயலட்சுமி வந்தாள். மாலையும் ரோஜாப்பூப் பட்டையுமாக நின்ற புருஷனைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

"விலை ஜாஸ்தின்னு சொன்னது தப்புங்க. குடுத்த காசுக்கு மேலயே குடுத்திருச்சு இந்த நிக்கர்."

"நான்தான் சொன்னேனே. தரம்னா தரம்தான் ஜெயா."

பெரிய மனசோடு சுற்றிலும் பார்த்தான். துரைசாமி ஓரமாக நின்று மற்ற இருவரோடும் லட்டு தின்றுகொண்டிருந்தான். பாவம், பெட்டி கட்டப் போகிறவன். அவனுக்காகக் குழந்தைவேலுவுக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. சிவப்புத் துணியை மடித்துக்கொண்டிருந்த சேக் தாவூதின் பக்கம் சாய்ந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"என்ன தாவூத் பாய், அப்ப லாங் ஐலண்டுக்கு துரைசாமிதானா?"

சேக் தாவூத் அவனை வியப்போடு பார்த்தார்.

"என்ன பாபு, ஒண்ணும் தெரியாத மாதிரி கேக்குறீங்க? லாங் ஐலண்டுல ஜீப்பு கிடையாது, எல்லாத்துக்கும் சைக்கிள்லதான் சுத்தணும், அதனால இந்த வருஷம் ரேஸ்ல ஃபர்ஸ்ட் வர்ற ஆளத்தான் அங்க அனுப்பப் போறேன்னு, கப்பல் வந்த அன்னிக்கே பெரிய சாப் எல்லாரையும் கூப்பிட்டு வெச்சுச் சொல்லிட்டாரே!"