தொட்டியில் சாகாத மீன்கள்

நீர்நிலைகள் துறையின் தலைமை அலுவலகத்தில் நீர் என்பது குழாயில்கூட ஒழுங்காக வருவதில்லை. வந்து போகிறவர்கள் இதைத் தவறாக எடுத்துக்கொள்ளக்கூடும் என்பதால், வரவேற்பறையில் ஒரு கண்ணாடித் தொட்டி வைத்து, வெள்ளி நிறக் குட்டி மீன்களை விட்டுப் பராமரிப்பது என்று துறை முடிவெடுத்தது. யாரும் ஏற்காத பொறுப்புகள் வழக்கமாக எங்கே போய்ச் சேருமோ, இந்தப் பொறுப்பும் அங்கேயே போய்ச் சேர்ந்தது: தற்காலிக எழுத்தரின் தலையில்.

அவள் வேலைக்குச் சேர்ந்தபோது வாங்கிப் போட்ட நாற்காலிகூடக் கால் உடைந்து ஓய்வு பெற்றுவிட்டது. அவள் இன்னும் தற்காலிகம்தான்.

"மீன்தான்மா துறையோட மானம்," என்றார் இயக்குநர். "ஒண்ணு செத்து மிதந்தாலும் உன்னை நிரந்தரமாக்குற ஃபைல்ல என் கையெழுத்து விழாது."

இயக்குநருக்குச் சுத்தம் என்றால் உயிர். சுற்றறிக்கைகள் வரிசையாக வந்தன. தொட்டியின் அடியில் கிடந்த மண் அசுத்தமானது, அகற்றப்பட்டது. நீர்ச்செடி முன்னறிவிப்பின்றி இலை உதிர்த்தது, பிடுங்கப்பட்டது. நத்தை தொட்டியில் தங்குவதற்கான அனுமதி எந்தக் கோப்பிலும் இல்லை, வெளியேற்றப்பட்டது. கூழாங்கற்களை வாராவாரம் சோப்புப் போட்டுத் தேய்க்க உத்தரவாயிற்று.

துறையின் உயிரியலாளர் இதற்கென்றே படித்தவர். மனசு கேட்காமல் ஒருநாள் வாயைத் திறந்தார்.

"சார், மீன் கழிக்கிறதை மண்ணுல இருக்குற நுண்ணுயிர் தின்னுது. அது மிச்சம் வைக்கிறதைச் செடி எடுத்துக்குது. செடி வெளிச்சத்தை வாங்கிக்கிட்டு மீனுக்குக் காத்தைக் குடுக்குது. எல்லாமே கொடுக்கல் வாங்கல் சார்."

"கொடுக்கல் வாங்கலா? நம்ம ஆபீஸ் தொட்டியிலயா?" இயக்குநர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "மீனுக்கு உயிர் இருக்கு. மண்ணுக்கு உயிர் இல்ல. ரெண்டுக்கும் நடுவுல என்னய்யா பேச்சுவார்த்தை? ஆமா, உங்க இடமாற்ற மனு எங்கிட்டதானே இருக்கு?"

உயிரியலாளர் இதையும் படித்தவர். 'தொட்டியின் தூய்மை போற்றுதற்குரியது' என்று அன்றே அறிக்கை கொடுத்துவிட்டார்.

மீன்களுக்கு அந்த அறிக்கையின் நகல் போகவில்லை. அவை சாக ஆரம்பித்தன.

எழுத்தர் அலுவலகம் திறக்கும் முன்பே வந்து, மிதந்ததை எடுத்துக் காகிதத்தில் சுற்றி வீசுவாள். சாப்பாட்டு டப்பாவில் தண்ணீரோடு கொண்டுவந்த புது மீனைத் தொட்டியில் விடுவாள். சந்தை முனையில் பீப்பாயில் உயிர்மீன் விற்கிறவனுக்கு அவள் ஒரு புதிர்.

"ஏன்க்கா, ஒத்த மீனை வாங்கிட்டுப் போறீங்களே, வீட்டுல எப்படிப் பங்கு வைக்கிறீங்க?"

"பார்க்குறதுக்கு மட்டும்தாண்ணே."

"அவ்வளவு கஷ்டமாக்கா?" என்று அவன் இன்னொன்றையும் சேர்த்துப் போட்டான்.

ஆய்வுக் குழு வந்தது. ஆண்டுக்கணக்கில் ஒரு மீன்கூடச் சாகவில்லை என்றதும் அசந்துபோனது. "போன தடவை பார்த்ததைவிட இளமையாத் தெரியுதே!" என்றார் குழுத் தலைவர். இயக்குநர் அடக்கத்தோடு தலைகுனிந்தார். நிமிர்ந்தபோது அவரிடம் ஒரு திட்டம் இருந்தது. தொட்டியில் வென்ற முறையை ஊர் ஏரியில் அமல்படுத்த வேண்டும்.

இது எங்கே போய் முடியும் என்று எழுத்தருக்குத் தெரியும். நேரே அவர் அறைக்குப் போனாள்.

"ஐயா, அந்த மீனு…"

"மீனுக்கு என்ன?"

மேசைமேல் அவளுடைய நிரந்தர ஃபைல் திறந்து கிடந்தது. பக்கத்தில் மூடி கழற்றிய பேனா.

"நல்லா இருக்குங்கய்யா."

ஏரி சுத்தமானது. சேறு லாரி லாரியாக வெளியேறியது. பாசி, கோரை, நத்தை எல்லாம் ஆக்கிரமிப்பாளர்களாக அறிவிக்கப்பட்டன. அடித்தளத்துக்குச் சிமெண்டு பூசி, நீல வண்ணம் அடித்து, மருந்து போட்ட தண்ணீரை நிரப்பினார்கள். நடைப்பயிற்சிக்காரர்கள் பூரித்துப்போனார்கள். "இப்பதான் சார் ஏரி ஏரி மாதிரி இருக்கு," என்று ஏரிக்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். மீன்கள் மட்டும் இல்லை. 'தூய்மைப் பணிக்கு மீன்கள் போதிய ஒத்துழைப்பு நல்கவில்லை' என்று துறை வருத்தம் தெரிவித்தது.

அந்த வாரம் தொட்டியிலும் ஒரு மீன் மிதந்தது. எழுத்தர் சந்தை முனைக்கு ஓடினாள். மீன்காரன் பீப்பாயைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்திருந்தான்.

"மீனா? நான் ஏரியிலதானேக்கா பிடிச்சிட்டிருந்தேன்?"

மனம் நொந்து வீட்டுக்கு வந்தால், அங்கே கணவன் ஜன்னல்களை அடித்துச் சாத்திக்கொண்டிருந்தான். ஏரிச் சேற்றையெல்லாம் துறை அவர்கள் குடியிருப்புக்குப் பின்னாலிருந்த பள்ளத்தில்தான் கொட்டியிருந்தது. அதில் மழைநீர் தேங்கியிருந்தது.

"உங்க ஆபீசு பண்ண வேலையைப் பாரு. தவளை கச்சேரி காதைப் பிளக்குது!"

அவள் பின்பக்கம் போய்ப் பார்த்தாள். பள்ளத்தில் கோரை முளைத்திருந்தது. நத்தை ஊர்ந்தது. ஒரு கொக்கு ஒற்றைக் காலில் நின்று யாருடைய அனுமதியும் இல்லாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. கலங்கிய தண்ணீரில் வெள்ளி வெள்ளியாகக் குட்டி மீன்கள். சேற்றோடு சேறாக வந்து பிழைத்தவை.

அன்றிலிருந்து அவளுக்குப் பள்ளம்தான் படியளந்தது. தவளைச் சத்தம்கூடப் பாட்டாகக் கேட்டது. ஆனால் தவளை தன் வாயால் கெடும் என்று முன்னோர் சொன்னது பொய்யாகுமா? குடியிருப்பு மொத்தமும் சேர்ந்து மனு எழுதியது: சேறு நாறுகிறது, தவளை கத்துகிறது, ஏரியைப்போல இதையும் அழகுபடுத்துக. முன்னின்று எழுதியவன் அவள் கணவன்.

"வேணாங்க. அது பாட்டுக்கு இருக்கட்டுமே," என்று கெஞ்சினாள்.

"ஊரே கையெழுத்துப் போட்டாச்சு. உன் ஒருத்தி கையெழுத்துதான் பாக்கி."

அவள் போடவில்லை. கையெழுத்துக்கான இடம் காலியாகவே இருந்தது.

மறுவாரம் இயக்குநர் கூப்பிட்டு ஆணையை நீட்டினார். பணி நிரந்தரம். கையோடு முதல் வேலையும் தந்தார்: குடியிருப்புப் பள்ளத்தைத் தூய்மை செய்யும் பொறுப்பு.

அவள் ஆணையை இரண்டு முறை படித்தாள். தன் பெயர் சரியாக இருக்கிறதா என்று பார்த்தாள். பிறகு மனுவை எடுத்து, காலியாக இருந்த இடத்தில் அழுத்தமாகக் கையெழுத்துப் போட்டாள். வெளியே வந்தபோது தொட்டியில் ஒரு மீன் மிதந்துகொண்டிருந்தது. முதல்முறையாக அவள் அதை எடுக்கவில்லை. நிரந்தர ஊழியர் தொட்டிக்குள் கையை விடுவது பதவிக்கு அழகல்ல.

பள்ளமும் சிமெண்டு பூசி நீலமானது. கொக்கு வேறு துறைக்குப் பறந்தது. தவளை ஓய்ந்தது. சாயங்காலம் கணவன் ஜன்னல்களைத் திறந்துவைத்து, "அப்பாடா, என்ன நிம்மதி!" என்று நாற்காலியில் சாய்ந்தான். அடுத்த நொடி பளாரென்று தன் கன்னத்திலேயே அறைந்துகொண்டான்.

"சனியன், இவ்வளவு கொசு எங்கிருந்துடி வந்துச்சு?"

தின்பதற்குத் தவளையும் மீனும் இல்லாத நீலத் தண்ணீரில் கொசுக்கள் குடும்பம் குடும்பமாகக் குடியேறியிருந்தன.

அவள் தன் கையில் உட்கார்ந்த ஒன்றை நிதானமாக அடித்தாள்.

"மனு குடுங்க," என்றாள். "வாங்கி வைக்கத்தான் நான் நிரந்தரமா இருக்கேனே."