கிருமி அக்காவும் என் மகளின் முழங்கையும்

அடுத்த வீட்டுக் குழந்தையின் மலத்தை வாசலில் நின்று கேட்டு வாங்கி, கையோடு நன்றியும் சொல்லிவிட்டுப் போகிற பெண்மணி ஹைதராபாத்தில் ஒருவர்தான். அப்படிக் கேட்ட பிறகும் எல்லா வீட்டிலும் காபி கொடுத்து உட்காரவைக்கப்பட்டவரும் அவர்தான். அவர் எங்கள் கிருமி அக்கா.

குகட்பள்ளியில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாவது மாடியில் இருந்தார். கதவில் பெயர்ப்பலகை உண்டு, அதைப் படித்தவர் யாருமில்லை. நுண்ணுயிர் ஆய்வுக்கூடத்தில் வேலை, சொந்த ஊர் பொள்ளாச்சிப் பக்கம். முப்பது வருஷ ஹைதராபாத் வாசத்தில் அவருடைய கோவைத் தமிழில் ஆமாம் என்பதற்கு ‘ஹவ்’வும் வேண்டாம் என்பதற்கு ‘நக்கோ’வும் நிரந்தரமாகக் குடியேறிவிட்டன. குடியிருப்போர் சங்கச் செயலாளரை ‘வா, போ’ என்பார். பாக்டீரியாவை மட்டும் ‘அவரு’ என்றுதான் சொல்வார். “இவரு குடல்ல இருக்கறவருங்க. அவரு தோலு மேல குடியிருக்கறவரு. ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை உண்டான்னு பாக்கறதுதான் என்ற வேலை.”

ஒருநாள் மாலை ஐஸ் பெட்டியோடு அவர் படியேற, கீழே விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் ஐஸ்கிரீம் என்று நினைத்துப் பின்னாலேயே ஓடின. வாட்ச்மேனும் பல்லைக் காட்டிக்கொண்டு கூடவே போனார்.

“நக்கோ பாய், நக்கோ! இது ஐஸ்கிரீம் இல்ல. ஏ பிளாக் பாப்பாவோட கக்கா.”

வாட்ச்மேன் பிறகு ஒரு வாரம் மோர்கூடக் குடிக்கவில்லை என்று கேள்வி.

எங்கள் வீட்டுக்கு அவர் வந்தது நிலாவால். என் மகளுக்கு அப்போது ஒன்றரை வயது. கன்னம், முழங்கை மடிப்பு, முழங்காலின் பின்புறம் எல்லாம் சிவந்து தடித்து, மரப்பட்டை மாதிரி சொரசொரத்துக் கிடக்கும். எக்ஸிமா. சொறிந்து சொறிந்து சட்டையில் ரத்தத் திட்டு. கையில் காலுறையை மாட்டிவிட்டால் அதைப் பல்லால் உருவிவிட்டுச் சொறிவாள். என் மனைவி மாலதி அவள் கையைப் பிடித்துக்கொண்டே சாப்பிடுவாள், கையைப் பிடித்துக்கொண்டே தூங்குவாள்.

யோசனை சொல்லாத ஆள் கிடையாது. பாலை நிறுத்து என்றார்கள், நிறுத்தினோம். முட்டை, கோதுமை, வேர்க்கடலை, எல்லாம் போயிற்று. குளிக்கிற தண்ணீரில் கிருமிநாசினி ஊற்றச் சொன்னார்கள், ஊற்றினோம். பிள்ளை இளைத்ததுதான் மிச்சம்.

ஒரு காலை, வண்டி நிறுத்துமிடத்தில் நிலாவின் கையைப் பார்த்துவிட்டு அக்கா என்னை மறித்தார்.

“ஏனுங் தம்பி, கண்ணு இன்னைக்கு வெளிய போனாளா?”

“இல்லீங்க, வெயிலா இருக்கேன்னு…”

“அட, அதில்லீங்க! வயித்தாலங்க! காலைல போனாளா இல்லியா?”

நான் அதற்கு முன் எந்தப் பெண்மணியிடமும் இவ்வளவு விவரமாக அந்த விஷயத்தைப் பேசியதில்லை. நிறம், பதம், நேரம் வரை கேட்டார். வீட்டுக்கே வந்து, தன் ஆராய்ச்சிக்கான ஒப்புதல் படிவத்தில் எங்கள் இருவரிடமும் கையெழுத்து வாங்கினார். ஒரு குப்பியில் மலம். பஞ்சுக் குச்சியால் முழங்கையில் மென்மையாக ஒரு துடைப்பு. மாதம் ஒருமுறை இதே மாதிரி எடுத்து, குடலில் இருப்பவர்கள் மாறும்போது தோலில் இருப்பவர்களும் மாறுகிறார்களா என்று பார்ப்பார்களாம். நான் பாதிதான் கேட்டேன். காபி ஆறுவதற்குள் குப்பியோடு ஓடிவிட்டார்.

இரண்டாவது முறை எடுக்கவேண்டிய நாள் வந்தது. அக்கா ஐஸ் பெட்டியோடு வந்து நின்றபோது, மாலதி மடியில் நிலா துவண்டு கிடந்தாள். முழங்கையில் நீர் வடிந்து, மஞ்சளாய்ப் பொருக்குக் கட்டியிருந்தது. உடம்பு கொதித்தது. நான் பக்கெட்டில் இன்னும் கொஞ்சம் கிருமிநாசினி ஊற்றிக்கொண்டிருந்தேன்.

அக்கா முதலில் பக்கெட்டைத்தான் பார்த்தார். எட்டிப் பிடுங்கி அப்படியே சாக்கடையில் கவிழ்த்தார்.

“இத ஊத்துனா தோலு இன்னும் வெந்துருமுங்க. புண்ணுல சீப் புடிச்சிருக்குது. குழந்தைங்க ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க. இப்பவே!”

ஆட்டோவில் நிலாவைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். பாதி வழியில்தான் எனக்கு உறைத்தது. “அக்கா, ஆன்டிபயாட்டிக் குடுத்தா கிருமியெல்லாம் செத்து உங்க சாம்பிள் வீணாப்போயிடுமே? கிளம்பறதுக்கு முன்னாடியே எடுத்திருக்கலாமே?”

“ஹவ், வீணாத்தான் போகும். கண்ணு என்ற ஆராய்ச்சியில இருந்தே அவுட்டுங்க. போனாப் போகுது. காச்சக்காரப் புள்ளைகிட்ட குச்சியத் தூக்கிட்டு நிக்கச் சொல்றீங்களா?”

மருத்துவர் எங்களைத் திட்டவில்லை. அதுவே பெரிய தண்டனையாக இருந்தது. சீழுக்கு மருந்து, அளவு சொல்லி ஒரு களிம்பு, குளித்ததும் உடம்பு முழுக்கத் தாராளமாக ஈரப்பதக் களிம்பு. காரணமில்லாமல் நிறுத்திய சாப்பாட்டையெல்லாம் தன் மேற்பார்வையில் ஒவ்வொன்றாகத் திரும்பக் கொடுக்கச் சொன்னார். நான்காம் நாள் நிலா இட்லி கேட்டு அழுதாள். மாலதியும் சேர்ந்து அழுதாள்.

அந்த வார இறுதியில் அக்கா எங்களை ஆய்வுக்கூடத்துக்கு அழைத்துப் போனார். முதல்முறை நிலாவின் முழங்கையைத் துடைத்த குச்சியிலிருந்து வளர்ந்தவர்களை ஒரு வட்டத் தட்டில் வைத்திருந்தார். தட்டு முழுக்கச் சின்னச் சின்னப் பொன்னிறப் பொட்டுகள், பார்க்க நகை மாதிரி. என் பிள்ளையைப் படுத்தியவர்கள் இவ்வளவு அழகாக இருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை.

அப்புறம் கணினியில் குடலில் இருப்பவர்களின் படம், ஒவ்வொரு வகைக்கும் ஒரு வண்ணம். எக்ஸிமா இல்லாத ஒரு குழந்தையுடையதில் ஏகப்பட்ட வண்ணங்கள், சுல்தான் பஜார் ஞாயிற்றுக்கிழமை மாதிரி. நிலாவுடையதில் நாலைந்து வண்ணம், பந்த் அன்றைக்குக் கடைவீதி மாதிரி. ஒரு குழந்தைக்குள் இப்படியொரு ஊரா! நான் வாயைப் பிளந்து நின்றேன்.

“அப்ப வயித்தைச் சரி பண்ணினா தோல் சரியாயிடுமாக்கா?” என்றாள் மாலதி.

“தெரியாதுங்க கண்ணு.”

“வயித்தாலதான் தோல் கெடுதா?”

“அதுவும் தெரியாதுங்க. தோலு கெட்டதால வயிறு மாறுச்சோ, நீங்க சாப்பாட்ட நிறுத்துனதால மாறுச்சோ. சம்பந்தம் இருக்குதுன்னு தோணுது. எப்படின்னுதான் புடிபடல. இருபத்தஞ்சு வருஷமாக் கேட்டுட்டிருக்கறேன், அவரு இன்னும் வாயத் தொறக்கல.”

சொல்லிவிட்டு அந்தத் தட்டையே ஆசையாகப் பார்த்தார். எங்கள் குடியிருப்பில் எல்லோருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது. இதையே வாழ்க்கையாக வைத்துக்கொண்ட ஒருத்தர்தான் தெரியாது என்றார். அன்று எனக்கு அவர் காலில் விழத் தோன்றியது. விழுந்திருந்தால் தரையைத் துடைத்து சாம்பிள் எடுத்திருப்பார்.

நிலாவுக்கு இப்போது ஆறு வயது. குளிர்காலத்தில் மட்டும் முழங்கை லேசாகச் சிவக்கும். களிம்பு தடவினால் அடங்கிவிடும். அக்கா போன வருஷம் புனேவுக்கு மாற்றலாகிப் போய்விட்டார்.

சென்ற மாதம் நிலாவின் பள்ளியிலிருந்து ஆசிரியை போன் செய்தார். குடும்பத்தை வரையச் சொன்னார்களாம். “சார், மம்மி, டாடி ஓகே. மூணாவதா ஒரு மேடம், கையில டப்பாவோட நிக்கிறாங்க. ‘கிருமி அக்கா’ன்னு எழுதியிருக்கா. ஃபேமிலி மெம்பர் மட்டும்தான் வரையணும். அவங்க யாரு?”

“எங்க வீட்டு ஆளுதான் மேடம்,” என்றேன்.