காலணி ஞானி

பிட்ஸ்பர்க் நகரில் அந்த ஜூலை மாதம் மூளைக்கு விடுமுறை விட்டிருந்தார்கள். பழைய ஷூக்களுக்குத்தான் வேலை இருந்தது.

நகரத்தின் கூடைப்பந்து அணியான ஹாமர்ஸ், தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் இறுதிப்போட்டி வரை போய்த் தோற்றிருந்தது. இன்னும் ஓர் ஆள் மாறினால் கோப்பை நமக்குத்தான் என்று ஊரே சொன்னது. யாரைக் கொடுத்து யாரை வாங்குவது என்பதில்தான் சண்டை. பயிற்சியாளர் கணக்குப் போட்டார், மருத்துவர் அறிக்கை எழுதினார். அதையெல்லாம் யார் உட்கார்ந்து படிப்பது? அதற்குத்தான் ஞானி பிராங்க்ளின் டீல் வந்துவிட்டாரே!

ஞானி முன்பு ஒஹையோவில் மெத்தை விற்றுக்கொண்டிருந்தார். ஒருநாள் கனவில் ஒரு பந்து அவரோடு பேசியதாம். அன்றிலிருந்து, ஒருவன் போட்டு ஓடிய ஷூவின் மேல் செம்புக் குண்டைத் தொங்கவிட்டு, அவனுக்குக் கோப்பை யோகம் உண்டா இல்லையா என்று சொல்லிவிடுகிறார். மெத்தைக்காவது உத்தரவாதச் சீட்டு கொடுத்துக்கொண்டிருந்தார்.

விளையாட்டரங்க வாசலில் காலை ஏழு மணிக்கே கூட்டம். கார் நிறுத்த இடம் பிடிக்கச் சமையலறை நாற்காலியைத் தெருவில் போட்டுவிட்டுப் போகிற ஊர் அல்லவா, வரிசையிலும் நாற்காலிதான் போட்டிருந்தார்கள். மடியில் பியரோகி என்கிற கொழுக்கட்டைத் தட்டு, கையில் சொந்த ஷூ.

"என் மச்சான் ஷூவை ஞானி தொட்டாரு பாருங்க, உனக்கு முதுகுவலின்னு பட்டுன்னு சொல்லிட்டாரு!" என்றார் வரிசையில் இருந்த ஒருவர்.

"உங்க மச்சான் என்ன வேலை பாக்குறாரு?" என்று வாண்டா கேட்டாள்.

"சிமெண்ட் மூட்டை தூக்குறான். அது ஞானிக்கு எப்படித் தெரியும்?"

"ஷூவெல்லாம் சிமெண்டா இருந்திருக்கும்," என்று சொல்லிவிட்டு வாண்டா உள்ளே போனாள். அணியின் சட்டை, ஷூ, துண்டு எல்லாவற்றையும் பதினெட்டு ஆண்டுகளாகக் கவனித்துக்கொள்பவள் அவள்.

உடை மாற்றும் அறையில் ஏழாம் நம்பர் ஆட்டக்காரன் கீனன் பிரைட்வெல் பெட்டி கட்டிக்கொண்டிருந்தான். வயது இருபத்திரண்டு. அவனைக் கொடுத்துவிட்டு, மேற்குக் கடற்கரை அணியின் முப்பத்துமூன்றாம் நம்பர் நட்சத்திரம் டெஸ்மண்ட் ஓர்லேயை வாங்கச் சொல்லி ஞானி உத்தரவிட்டிருந்தார். நண்பகலுக்குக் கையெழுத்து.

"போன வாரந்தான் அம்மாவை ஆத்துக்கு அந்தப் பக்கம் புது வீட்டுல குடிவச்சேன் வாண்டா. நான் என்ன அவ்வளவு மோசமாவா ஆடுனேன்?"

"நீ நல்லாத்தாம்பா ஆடுன. உன் ஷூ சரியா ஆடலையாம்."

அவன் அடுத்த சட்டையை மடித்துப் பெட்டியில் திணித்தான். ஒரு விஷயம் வாண்டாவுக்குச் சில நாளாகவே உறுத்திக்கொண்டிருந்தது. ஷூவை வாங்கியதும் ஞானி, கயிற்றுக்குக் கீழே இருக்கும் அதன் நாக்கைத் தூக்கி அடியில் முத்தமிடுவார். பக்தி என்று மற்றவர்கள் உருகினார்கள். சலவையில் ஜோடி மாறாமல் இருக்க, ஆட்டக்காரரின் நம்பரை அவள் மையால் எழுதிவைப்பது அதே இடத்தில்தான். எல்லா அணியிலும் அதுதான் வழக்கம்.

பதினொன்றரை மணிக்கு ஓர் அட்டைப்பெட்டியோடு முதலாளி ஹாலன்பெக்கின் அறைக்குள் நுழைந்தாள். ஒருகாலத்தில் கல்லூரி அணியில் ஆடிய, ஆறரை அடி உயரக் கிழவர் அவர். கையில் பேனா தயாராக இருந்தது, பக்கத்தில் ஞானியும் இருந்தார்.

"கையெழுத்துக்கு முன்னாடி ஞானி இன்னும் ரெண்டு ஷூ பாத்துடட்டும் சார். யாரோடதுன்னு நான் சொல்லமாட்டேன்."

"ஞானிக்கு யாரும்மா சொல்லணும்?" என்றார் ஞானி.

முதலில் ஒன்றைக் கொடுத்தாள். முத்தம். குண்டு இப்படியும் அப்படியும் ஆடியது.

"ஐயோ! வேகம் இருக்கு, நெஞ்சுல துணிச்சல் இல்ல. கடைசி நிமிஷத்துல நடுங்குற காலு. இன்னைக்கே வெளிய அனுப்புங்க!"

அதைப் பெட்டியில் போட்டுவிட்டு அடுத்ததைக் கொடுத்தாள். முத்தம். குண்டு வட்டமடித்தது.

"ஆகா! அனுபவம் பேசுது! அடுத்த ஜூன்ல வெற்றி ஊர்வலம்!"

வாண்டா இரண்டையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். ஒன்று இடது, இன்னொன்று வலது. ஒரே ஜோடி.

"இடது கால் தோக்குது, வலது கால் ஜெயிக்குது. பாவம், அந்த மனுஷன் எப்படி நடப்பாரு?"

முதலாளி ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "இந்தக் காபிக் கறை... ஏம்மா, இது ஜிம்முல கிடந்த என் ஷூவாச்சே!"

"ஆமா சார். நேத்து நான்தான் நாக்குக்கு அடியில ஒண்ணுல ஏழுன்னும், ஒண்ணுல முப்பத்துமூணுன்னும் எழுதினேன். முத்தம் குடுக்கும்போது அதைப் படிச்சுட்டு, ரேடியோவுல அவங்க ரெண்டு பேரப் பத்திப் பேசுறதைத்தான் இவரு ஒப்பிச்சாரு."

"இங்க ஏசி அதிகம். அலை சரியா வரல," என்றார் ஞானி.

"என் இடது காலை இன்னைக்கே வெளிய அனுப்பணுமாய்யா?" என்று முதலாளி எழுந்தார். ஞானி பின்வாசல் வழியாக, சரக்கு இறக்கும் பக்கமாக நழுவினார். குண்டை மறந்துவிட்டார்.

அந்தக் குண்டுக்கு அடியில் மருத்துவரின் அறிக்கை கிடந்தது. மூன்று வாரமாக யாரும் அதைத் தொடவில்லை. ஓர்லேயின் முழங்காலில் ஏற்கெனவே இரண்டு அறுவை சிகிச்சை, மூன்றாவது கட்டாயம் என்று முதல் பக்கத்திலேயே எழுதியிருந்தது. முதலாளி பேனாவை மூடினார். கீழே கீனன் பெட்டியைப் பிரித்தான்.

வாசலுக்கு வந்து நடந்ததையெல்லாம் வாண்டா எடுத்துச் சொன்னாள். கூட்டம் வாயைப் பிளந்து கேட்டது. பிறகு ஒருவர் பயபக்தியோடு தன் ஷூவை நீட்டினார்.

"ஞானியையே ஜெயிச்சுட்டீங்களே! உங்களுக்குத்தான் சக்தி அதிகம். நீங்களே பாத்துச் சொல்லுங்க."

வாண்டா அதை வாங்கித் திருப்பிப் பார்த்தாள்.

"அடி தேஞ்சிருக்கு, மழை பெஞ்சா தண்ணி உள்ள போகும். வேற ஒண்ணும் தெரியல. ஏங்க, காலுல போடுறதை இவ்வளவு பத்திரமாத் தூக்கிட்டு வந்தீங்களே, கழுத்துக்கு மேல இருக்கிறதை எந்த நாற்காலியில வச்சுட்டு வந்தீங்க?"