வெள்ளைப் பனியனும் ஒருவழிப் பாதையும்

சந்தேகப்படுவதற்குச் சம்பளம் வாங்கியவன் நான். பெங்களூரில் ஒரு தமிழ் நாளிதழின் நிருபர். மந்திரி சிரித்தால் ஏன் சிரிக்கிறார் என்று பார்க்க வேண்டும். கார்ப்பரேஷன் குழாயில் தண்ணீர் ஒழுங்காக வந்தால் தேர்தல் வருகிறதா என்று விசாரிக்க வேண்டும். அலுவலகத்தில் இதற்குப் பெயர் தகுதி, வீட்டில் இதற்குப் பெயர் வியாதி. எங்கே கழற்றிப் போடுவது என்று தெரியாமல் நான் அதை எல்லா இடத்துக்கும் மாட்டிக்கொண்டு போனேன். (மாமியார் வீட்டுக்கும்தான்.)

தொண்ணூறுகளின் பிற்பகுதி அது. ஊரில் அப்போது ஒரு வழக்கம் இருந்தது. உயிர் போகிற நிலையில் ஒருவரை ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறவர்கள் பட்டப்பகலிலும் முன்விளக்கைப் போட்டுக்கொண்டு, ஒரு வெள்ளைத் துணியை வெளியே நீட்டி ஆட்டுவார்கள். சிக்னலில் சிவப்பு எரிந்தாலும் வழி கிடைக்கும். ஒருவழிப் பாதையில் எதிரே வந்தாலும் வழி கிடைக்கும். எந்தச் சட்டப் புத்தகத்திலும் இந்தத் துணி கிடையாது. இருந்தாலும் பஸ் டிரைவர்கள்கூட அதைப் பார்த்தால் ஒதுங்கினார்கள். உள்ளே நிஜமாகவே நோயாளி இருக்கிறாரா என்று ஒருவரும் எட்டிப் பார்த்ததில்லை.

ஊரே கேட்காத கேள்வி ஒன்று கிடக்கிறது என்றால் எனக்கு மூக்கில் வேர்த்துவிடும்.

என் மனைவி சுமதிக்கு அப்போது நிறைமாதம். வளைகாப்பு முடிந்து பிரேசர் டவுனில் அவள் அம்மா வீட்டில் இருந்தாள். நான் பொம்மனஹள்ளியில் தனியாக, என் சமையலையே சந்தேகப்பட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மாமியார் வீட்டுச் சாப்பாடு. அப்படி ஒரு ஞாயிறு, இலையின் முன் உட்கார்ந்து என் அடுத்த கட்டுரையை விளக்கினேன். அவசரம் என்று சொல்லிச் சட்டத்தை மீறுகிறவர்களின் முகமூடியைக் கிழிக்கப் போகிறேன் என்றேன்.

மாமியார் குழம்புக் கரண்டியோடு நின்றார். "அப்போ அவசரத்துக்குக்கூட மீறக் கூடாதுன்றீங்களா மாப்ள?"

"ஒருத்தருக்கு விட்டா எல்லாருக்கும் அவசரம்தான் அத்தை."

"சரி, பக்கத்து வூடு பத்திக்கிச்சு. கதவு பூட்டிக் கிடக்குது. உள்ள ஆளு இருக்குது. பூட்ட உடைக்கலாமா, கூடாதா?"

"உள்ள ஆள் இருக்குன்னு எப்படித் தெரியும்?"

"கத்துதுங்க மாப்ள!"

"கத்துறது யாருன்னு செக் பண்ணணும் இல்லையா?"

மாமியார் கரண்டியைக் குழம்புச் சட்டிக்குள் போட்டார். பிறகு மகள் பக்கம் திரும்பி, "சுமதி, குழந்தை பொறந்து நீ பொம்மனஹள்ளி போனப்புறம், இவர நம்பி அடுப்பு மட்டும் பத்த வெக்காத" என்றார். என் மைத்துனன் பாபு வாயில் இருந்த ரசத்தைத் துப்பிவிட்டுச் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. கொள்கை இருக்கிறவன் சாப்பிடும்போது சிரிப்பதில்லை என்று அப்போது நினைத்தேன்.

கட்டுரைக்கு நான் தேர்ந்தெடுத்த இடம் சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் ஒருவழிப் பாதை. அந்தப் பக்கம் ஆஸ்பத்திரிகள் அதிகம். சுற்றிப் போக வேண்டாமே என்று வெள்ளைத் துணிகள் அதில்தான் எதிர்த்திசையில் புகும். சுமதியைப் பரிசோதனைக்குக் கூட்டிப் போனபோது நானே பார்த்து வைத்திருந்த இடம். துணைக்கு எங்கள் போட்டோகிராபர் பீட்டர் வந்தான். ஸ்கூட்டரும் அவனுடையது.

முதல் நாளே ஓர் இரை சிக்கியது. கைக்குட்டையை ஆட்டிக்கொண்டு வந்த ஆட்டோ ஒன்று ஆஸ்பத்திரியைத் தாண்டிப் போய் ஒரு கல்யாண மண்டபத்தில் நின்றது. உள்ளே இருந்து இரண்டு பேர் ஒரு பெரிய பிரியாணி அண்டாவைப் பிடித்து இறக்கினார்கள்.

"இது எமர்ஜென்சியா?" என்று கேட்டேன்.

"பசங்க பந்தில உக்காந்துட்டாங்க சார். மாப்பிள்ளை வூட்டு ஆளுங்க எழுந்து போய்ட்டா நிக்காஹ்வே நின்னுடும்" என்றார் அண்டாவின் ஒரு காதைப் பிடித்திருந்தவர். எனக்கும் ஒரு தட்டு கொடுத்தார்கள். சாப்பிட்டேன். (ஆதாரத்தை முழுமையாகப் பரிசோதிக்க வேண்டும்.) அன்றைக்கு என் சந்தேகம் மதமாகிவிட்டது.

அடுத்த வாரம் மறுபடி அதே இடம், அதே ஸ்கூட்டர். இந்த முறை நான்தான் ஓட்டினேன், பீட்டருக்குக் கேமராவுக்குக் கை வேண்டுமே. என்னிடம் இருந்தது எல்.எல்.ஆர். மட்டும், அதுவும் பொம்மனஹள்ளியில் பீரோவுக்குள் பத்திரமாக இருந்தது.

நின்றுகொண்டிருந்தபோது இடுப்பில் பேஜர் துடித்தது. அலுவலகம் கொடுத்த பேஜர். பாபு அனுப்பிய செய்தி: அக்காவுக்கு வலி, ஆஸ்பத்திரிக்கு உடனே வரவும்.

இதே செய்தி ஏற்கெனவே இரண்டு தடவை வந்திருக்கிறது. இரண்டு தடவையும் நான் ஓடினேன். இரண்டு தடவையும் டாக்டரம்மா சூட்டு வலி என்று சொல்லி அனுப்பிவிட்டார். இரண்டாம் தடவை நான் போய்ச் சேர்ந்தபோது சுமதி ஆஸ்பத்திரி வாசலில் நின்று சீத்தாப்பழம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். தேதிக்கு இன்னும் நாள் இருந்தது. ஆகவே உறுதிப்படுத்தப்படாத தகவல் என்று முடிவு செய்து பேஜரை இடுப்பிலேயே தொங்கவிட்டேன்.

"வீட்லருந்தா?" என்றான் பீட்டர்.

"ஆமா. சோர்ஸ் சரியில்ல."

அப்போதுதான் அந்த ஆட்டோ வந்தது.

ஒருவழிப் பாதையில் எதிரே, விளக்கு எரிய, ஹாரன் அலற. வலது பக்கம் ஒரு கை மட்டும் வெளியே நீண்டு துணியை ஆட்டியது. எங்களைக் கடந்து போன அந்தக் கணத்தில் என் பத்திரிகைக் கண் மூன்று விஷயங்களைக் குறித்துக்கொண்டது. மழை இல்லை, ஆனாலும் ரெக்சின் திரை இறக்கியிருந்தது. மறைக்கிறார்கள். துணி கைக்குட்டை இல்லை, கை வைத்த பனியன். உண்மையான அவசரத்தில் இருக்கிறவன் பாக்கெட்டில் இருக்கும் கைக்குட்டையை எடுப்பான். வீட்டிலிருந்து பனியன் கொண்டுவந்திருக்கிறான் என்றால் திட்டமிட்டு வந்திருக்கிறான். மூன்றாவது, அந்தப் பனியனின் இடது அக்குளில் ஒரு ஓட்டை. நோயாளிக்காக யாராவது ஓட்டைப் பனியனை எடுத்து வருவார்களா?

"பிரியாணிதான்" என்று சொல்லி வண்டியைத் திருப்பினேன்.

"வேணாம் குரு. நிஜ கேஸா இருந்தா பாவம்."

"நிஜம்னா மன்னிப்பு கேட்டுக்கலாம்."

ஒருவழியில் எதிர்த்திசையில் போகிறவனைப் பிடிக்க நானும் எதிர்த்திசையில் போகத்தான் வேண்டும். அதில் எனக்குத் தயக்கமே வரவில்லை. எனக்கு அது பொதுநலம். பொதுநலம் என்றால் அவசரம். எதிரே வந்த எல்லாரும் கன்னடம், தமிழ், உருது மூன்றிலும் என் பிறப்பை விசாரித்தார்கள். கறிக்கடை முன்னால் ஒரு தள்ளுவண்டி மறித்ததில் ஆட்டோ மெதுவானது. நான் ஒட்டிப் புகுந்து, ஸ்கூட்டரைக் குறுக்கே நிறுத்தி, இறங்கி, வலது கையை உயர்த்தினேன்.

"அரே, க்யா சார்! டெலிவரி கேஸு! நவுரு, நவுரு!" என்று கத்தினார் ஆட்டோ டிரைவர்.

"போன தடவையும் இப்டித்தான் வந்தாங்க. உள்ள பிரியாணி இருந்துச்சு."

திரைக்குள்ளிருந்து ஓர் அலறல் கேட்டது.

"பிரியாணி கத்துமா சார்?" என்றார் டிரைவர்.

வாழ்க்கையில் திரும்ப வாங்கிக்கொள்ள முடியாத வாக்கியங்கள் சில உண்டு. என்னுடையது இது. "கத்துறது யாருன்னு செக் பண்ணணும்."

பனியன் ஆடுவது நின்றது. ரெக்சின் திரை மெதுவாக விலகி, ஒரு தலை வெளியே வந்தது. என் மாமியார் தலை.

அவர் கோபப்படவில்லை. குரலையும் உயர்த்தவில்லை. "வாங்க மாப்ள" என்றார். "உள்ள ஆளு இருக்குது. கத்துது. செக் பண்ணிக்கிறீங்களா?"

அவருக்குப் பின்னால் சுமதி பாபுவின் தோளைப் பிடித்துக்கொண்டு வியர்வையில் நனைந்து கிடந்தாள். கல்யாணமானதிலிருந்து என்னை 'என்னங்க' என்பதைத் தவிர வேறு எப்படியும் அழைக்காதவள். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

"டேய்" என்றாள். "வண்டிய எடுடா!"

'க்ளிக்' என்று ஒரு சத்தம். பீட்டர் தொழிலில் சுத்தம்.

நான் வண்டியை எடுக்கப் பார்த்தேன். ஸ்டாண்டு மாட்டிக்கொண்டது. பாபு இறங்கி, பனியனைத் தோளில் போட்டுக்கொண்டு, ஸ்கூட்டரை அப்படியே ஓரமாக இழுத்துத் தள்ளினான். "மாமா, இது உங்க பனியன்தான். கைக்கு இதுதான் மாட்டுச்சு" என்று சொல்லிவிட்டு ஓடி ஏறிக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமை நான் அவர்கள் வீட்டுக் கொடியில் விட்டுவந்தது. அந்த ஓட்டையோடு இரண்டு வருஷம் வாழ்ந்திருக்கிறேன். அடையாளம் தெரியவில்லை.

ஆட்டோ பறந்தது. பின்னாலேயே கிளம்பப் போனால் ஸ்கூட்டர் சாவியைக் காணோம். அது ஒரு டிராஃபிக் கான்ஸ்டபிளின் கையில் இருந்தது. ஒரு பக்கம் மடித்த தொப்பி, அடர்ந்த மீசை, எதையும் நம்பாத கண்கள். (கண்ணாடியில் தினமும் நான் பார்க்கும் அதே கண்கள்.)

"ஏன்றீ இது? ஒன்வேயில வந்து ஆம்புலன்ஸ் ஆட்டோவ மறிக்கிறீங்களா? யாரு நீங்க?"

"ப்ரெஸ்."

"கார்டு?"

"ஆபீஸ்ல இருக்கு."

"லைசென்சு?"

"பீரோல இருக்கு. சார், அந்த ஆட்டோல போறது என் சம்சாரம். பிரசவ வலி. நான் உடனே போகணும்."

கான்ஸ்டபிள் சாவியை விரலில் மாட்டி ஒரு சுற்றுச் சுற்றினார். "சொந்த ஹெண்ட்தி ஆட்டோவ நீங்களே நிறுத்தினீங்க. இல்லையா?"

"ஆமா சார்."

"சுள்ளு ஹேளபேடி, பொய் சொல்லாதீங்க. தினம் இங்க நின்னு பொய் கேக்கறேன். அம்மாவுக்கு அட்டாக்கும்பாங்க, பையன் கிணத்துல விழுந்துட்டாம்பாங்க. அதெல்லாம் கூட நம்பலாம். இப்டி ஒரு பொய்ய எவனும் சொன்னதில்ல."

நான் பேஜரைக் கழற்றி நீட்டினேன். அவர் செய்தியைப் படித்தார். அது வந்த நேரத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "இது வந்து எவ்ளோ நேரமாச்சு? அப்பவே போகாம ஏன் இங்க நின்னீங்க?"

அதற்கு என்னிடம் நம்பும்படியான பதில் இல்லை. உண்மை மட்டும்தான் இருந்தது. அது கேவலமாக இருந்தது. பீட்டர்தான் வாயைத் திறந்தான். "சார், இவர் சொல்றது நெஜந்தான். இவ்ளோ முட்டாத்தனமா பொய் சொல்ல இவருக்கு வராது."

கான்ஸ்டபிள் யோசித்தார். "செக் பண்ணணும்" என்றார். "ஆஸ்பத்திரிக்கு நடீரி."

பீட்டர் ஓட்ட, நடுவில் நான், எனக்குப் பின்னால் கான்ஸ்டபிள். முதல் திருப்பத்தில் பீட்டர் ஒழுங்காகச் சுற்றுப்பாதையில் போகப் பார்த்தான். பின்னாலிருந்து அதட்டல் வந்தது: "ஏ, அர்ஜென்ட் தானே? நேரா ஒன்வேயிலயே போப்பா!" சட்டமே என் முதுகைப் பிடித்துக்கொண்டு, மூன்று பேராக, எதிர்த்திசையில் போனது. ஒரு கையால் தொப்பியைக் கழற்றி அவர் ஆட்டிக்கொண்டே வந்ததாகப் பீட்டர் இன்றும் சத்தியம் செய்கிறான். நான் திரும்பிப் பார்க்கவில்லை. முதன்முறையாக எதையும் சரிபார்க்கத் தோன்றவில்லை. சுமதி கண்ணைத் திறந்து பார்த்ததே கண்ணுக்குள் நின்றது.

ஆஸ்பத்திரிப் படியில் ஏறும்போதே குழந்தை அழும் சத்தம் கேட்டது. எங்கள் குழந்தைதானா என்று தெரியாது. நம்பினேன்.

டாக்டரம்மா கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார். பெண் குழந்தை, இரண்டு பேரும் நலம் என்றார். அடுத்து குரல் மாறியது. "ஏன் இவ்ளோ லேட்டா கூட்டிட்டு வந்தீங்க? குழந்தைக்கு ஹார்ட் பீட் இறங்கிடுச்சு. இன்னும் கொஞ்சம் ஆகியிருந்தா நான் எதுவும் சொல்லியிருக்க முடியாது. எங்க நின்னீங்க?"

பாபு பனியனைப் பார்த்தான். கான்ஸ்டபிள் என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்குள் மாமியார் முன்னால் வந்தார்.

"டிராஃபிக் டாக்டர்" என்றார். "நம்ம ஊரு டிராஃபிக்தான் தெரியுமே."

முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. நான் பேட்டி கண்ட எந்த மந்திரியும் அவ்வளவு சுத்தமாகப் பொய் சொன்னதில்லை. எதிர்க் கேள்வி கேட்கத் தோன்றாத ஒரே வாக்குமூலம் அது. டாக்டரம்மா போனதும் கான்ஸ்டபிள் குழந்தையை எட்டிப் பார்த்து, அப்பா ஜாடை இல்லை என்று திருப்தியோடு சொன்னார். பிறகு வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து எனக்கு அபராதச் சீட்டு எழுதினார். ஒருவழி, லைசென்ஸ் இல்லாமை, வழிமறிப்பு. ஆட்டோ மீது வழக்கு இல்லை. "அது எமர்ஜென்சி" என்றார். சட்டம் தெரிந்தவர்.

கட்டுரை என்ன ஆயிற்று என்று ஆசிரியர் கேட்டபோது, போதிய ஆதாரம் கிடைக்கவில்லை என்றேன். ஆதாரத்தைப் பீட்டர் பெரிதாக்கி, சட்டம் போட்டு, பெயர் சூட்டு விழாவுக்குப் பரிசாகக் கொண்டுவந்தான். கை உயர்த்திய நான், திரைக்கு வெளியே மாமியார் தலை, பாபு கையில் தொங்கும் என் பனியன். பிரேசர் டவுன் வீட்டு ஹாலில் எங்கள் கல்யாணப் போட்டோ இருந்த ஆணியில் அது மாட்டப்பட்டது. கல்யாணப் போட்டோ பீரோவுக்குள் போனது.

இப்போது மாமியார் எங்களோடுதான் இருக்கிறார். மகள் கல்லூரிக்குப் போகிறாள். எங்கள் வீட்டில் ஒரே ஒரு குளியலறை. காலையில் நான் அதன் வாசலில் துண்டோடு நிற்கும்போது, அவள் தூரத்திலிருந்தே என் பனியன் ஒன்றைக் கொடியிலிருந்து உருவித் தலைக்கு மேல் ஆட்டிக்கொண்டு வருவாள். நான் எதுவும் கேட்பதில்லை. சுவரோடு ஒட்டி வழிவிடுகிறேன். அவள் உள்ளே போய்ப் பாட்டுப் பாட ஆரம்பிக்கிறாள். அவசரத்தில் இருக்கிறவள் பாடுகிற பாட்டு இல்லை அது.

சமையலறையிலிருந்து குரல் வரும்: "இன்னா மாப்ள, செக் பண்ணீங்களா?"