காதைக் கட்டிக்கொண்டு வளை வாங்கிய முயல்

ஒரு காட்டில் இருநூற்றுப் பதினான்கு வளைகள் இருந்தன. அவற்றுக்கு முந்நூற்று ஆறு பத்திரங்கள் இருந்தன.

அங்கே நாச்சி என்ற முயலுக்கு நிறைமாதம். குட்டி போட மூன்று நாள்தான் பாக்கி. தங்குவதற்கு வளை இல்லை. அந்தச் சமயத்தில் ஆற்றோரத்து வளை ஒன்று விலைக்கு வந்தது. விற்றது நரி.

“பத்திரம் சுத்தமா அண்ணே?”

“உன் முகம் மாதிரி சுத்தம் தாயி” என்றது நரி, முகத்தைப் பார்க்காமலே.

நாச்சிக்குச் சந்தேகம் தீரவில்லை. சொத்துரிமைக் காப்பீடு விற்கும் கொக்கிடம் போனது. கொக்கு ஒற்றைக் காலில் நின்று விளக்கியது.

“ஒரே தடவை கட்டினால் போதும். பின்னால் யாராவது வந்து ‘இது என் வளை’ என்று நிரூபித்தால், கம்பெனி உனக்கு வேறு வளை தரும். ஆனால் அந்தச் சிக்கல், கையெழுத்துக்கு முன்பே உனக்குத் தெரிந்திருக்கக் கூடாது.”

“அப்போ தெரிஞ்சுக்காம இருந்தா போதுமா சார்?”

“நான் அப்படிச் சொல்லவில்லை. படிவம் சொல்கிறது.”

நாச்சி பணம் புரட்டிக்கொண்டு திரும்பும் வழியில் காகம் பறந்து வந்தது. “ஏ நாச்சி! அந்த வளை இருக்கே...”

“வாயை மூடு! மூணு நாள்ல பிரசவம் எனக்கு!”

நாச்சி ஓடியது. காகம் துரத்தியது. ஓடிக்கொண்டே ஒரு கொடியை அறுத்து, இரண்டு காதையும் சேர்த்து ஏழு முடிச்சுப் போட்டது நாச்சி. அணில் தன் முதுகில் பதினோரு குச்சிகளைச் செருகிக்கொண்டு எதிரே வந்து நடித்துக் காட்டியது. நாச்சி கண்ணையும் மூடிக்கொண்டது. இரண்டு மரத்தில் முட்டி, கொக்கின் முன் போய் விழுந்து கையெழுத்துப் போட்டது. முதல் கையெழுத்து கொக்கின் காலில் விழுந்தது. இரண்டாவது படிவத்தில் விழுந்தது.

மூன்றாம் நாள் புது வளையில் நான்கு குட்டிகள் பிறந்தன. ஐந்தாம் நாள் வாசலில் ஒரு முள்ளம்பன்றி, மூன்று குட்டிகளோடும் பழைய பத்திரத்தோடும் நின்றது.

“யாருடி உள்ளே? பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போனா வீட்டையே வித்துடுவீங்களா?”

நாச்சி துள்ளிக் குதித்தது. “வாங்கக்கா! உங்களுக்காகத்தான் காத்திருக்கேன்!”

முள்ளம்பன்றியின் சிலிர்த்த முட்கள் அப்படியே படுத்துவிட்டன.

கொக்கு விசாரித்தது. “நான் நாற்பத்தொரு தடவை கத்தினேன்!” என்றது காகம். நாச்சி கொடியை நீட்டியது. கொக்கு முடிச்சுகளை இரண்டு முறை எண்ணியது, ஏழேதான். ‘தெரியாது’ என்று எழுதிக்கொண்டு, குன்றடியில் இரண்டு அறை உள்ள வளைக்குப் பத்திரமும், அதற்கொரு புதுக் காப்பீட்டுப் படிவமும் நீட்டியது. கம்பெனி அந்த வளையை முந்தின நாள்தான் நரியிடம் வாங்கியிருந்தது.

“ஏ நாச்சி! அந்த வளையும்...” என்று காகம் தொண்டை கட்டிய குரலில் தொடங்கியது.

நாச்சி முதலில் குட்டிகளின் எட்டுக் காதுகளைக் கட்டியது. பிறகு தன் இரண்டையும் கட்டிக்கொண்டு, கையெழுத்துப் போட்டது.

நீதி: வீடு வாங்குமுன் ஊரெல்லாம் விசாரிப்பவருக்கு உண்மை கிடைக்கும், விசாரிக்காதவருக்கு வீடு கிடைக்கும்.