பதினேழாம் எண் வீட்டு வருமானம்

நான்கு மணிக்குள் பதினேழாம் எண் வீட்டின் வருமானம் தெரியாவிட்டால், நாளை முதல் கணக்கெடுப்பாளருக்கு வருமானமே இல்லை. இப்போது மணி மூன்றேகால்.

"ஒரே ஒரு வீட்டை பாக்கி வச்சுட்டு வந்து நிக்காதய்யா," என்றார் போனில் மேற்பார்வையாளர். எதையும் புள்ளிக்குப் பின்னால் மூன்று இலக்கம் வரை சொல்வதால் அலுவலகத்தில் அவருக்குத் தசமம் என்று பெயர். "உலக ஜனங்களை எல்லாம் வருமானப்படி வரிசையில நிறுத்தி, முதல் ஆளுக்கும் கடைசி ஆளுக்கும் எவ்வளவு தூரம்னு அளக்கறோம். எண்ணூறு கோடி பேர் உன் ஒருத்தனுக்காகக் காத்துக்கிட்டிருக்காங்க."

"வாசல்லயே விடமாட்டேங்கறாங்க சார்."

"அதே தெருவுல நான் மூணு வருஷம் இந்தக் கணக்கு எழுதினவன். நான் போன முதல் வருஷமே அங்க ஏற்றத்தாழ்வு பாதியா விழுந்துச்சு. என்ன மருந்து வச்சீங்கன்னு வெளிநாட்டு நிபுணருங்க கேட்டாங்க. அதுக்குத்தான் எனக்கு இந்த நாற்காலி. நாலு மணி. தாண்டினா உன் ஒப்பந்தம் கிழிஞ்சுது."

காலையில் கணக்கெடுப்பாளர் வாயைத் திறக்கும் முன்பே, தோள்பையைப் பார்த்த அந்த வீட்டுக் காவலாளி, "இங்க எதுவும் வாங்கறதில்ல," என்று கதவைச் சாத்திவிட்டார். ஆகவே இந்த முறை பையை இறுக மூடிக்கொண்டு, தண்ணீர் மீட்டர் பார்க்க வந்ததாகப் புளுகினார். கதவு திறந்தது.

காவலாளி அவரை வீட்டின் பின்புறம் அழைத்துப் போய், மீட்டரைக் காட்டிவிட்டு, ஒட்டிக்கொண்டே நின்றார். கணக்கெடுப்பாளர் மீட்டரைப் பார்த்தார். மீட்டர் அவரைப் பார்த்தது.

"எங்கேயோ கசியுது. ஐயாகிட்ட நேர்ல பேசணும்."

"ஐயாகிட்ட எதுக்கு? பிளம்பரைக் கூட்டிட்டு வரேன்." காவலாளி பெரிய வால்வை மூடிவிட்டு ஓடினார்.

மாடி ஜன்னலில் சோப்பு நுரையோடு ஒரு தலை முளைத்தது.

"எவன்டா தண்ணிய நிறுத்தினது?"

இதைவிட நல்ல சமயம் வராது. "ஐயா, உங்க மாச வருமானம் எவ்வளவு?"

"வருமானமா? எனக்கு மூணு கம்பெனி. மூணும் நஷ்டம். போய் ஆடிட்டரைக் கேளு. முதல்ல தண்ணிய விடு."

கணக்கெடுப்பாளர் தசமத்தை அழைத்தார். "சைபர்ங்கறார் சார்."

"வாசல்ல கார் எத்தனை?"

"நாலு."

"நாலு கார்க்காரனை உலகத்துலயே கடைசி ஏழையா நிறுத்தச் சொல்றியா? நாளைக்கு அவன் வீட்டுல நிவாரண மூட்டை வந்து இறங்கும். உனக்கு இருக்கறது ஒன்பது புள்ளி ஏழு ஐந்து சைபர் நிமிஷம்."

நுரைத் தலை இப்போது கண் எரிச்சலில் அலறியது. "இவன் மீட்டர்காரன் இல்ல. வருமானம் கேட்கறான். பிடிச்சு வைங்க, போலீஸ் வரட்டும்."

பாதி வழியில் திரும்பி ஓடிவந்த காவலாளி சட்டையைப் பிடித்தார். இழுபறியில் பை வாயைப் பிளந்தது. நீலப் படிவங்கள் ஈரத் தரையெங்கும் பறந்தன. கணக்கெடுப்பாளருக்கு வேலை போனது போக, இனி மானமும் போலீஸ் ஜீப்பில் ஏறப்போகிறது.

காவலாளி ஒரு தாளை எடுத்தார். பார்த்தார். சட்டையிலிருந்து பிடி தளர்ந்தது.

"நீலத் தாளா? அட, இதுக்கா இவ்வளவு கூத்து? காலையிலயே சொல்லியிருந்தா அஞ்சு நிமிஷ வேலை சார்."

சொல்லிவிட்டு, தன் சட்டைப் பையிலிருந்து பேனாவை உருவி, படிவத்தைச் சுவரில் வைத்து, வருமானக் கட்டத்தைத் தேடாமலே கண்டுபிடித்து, பழகிய கையால் ஒரு தொகையை எழுதிக் கொடுத்தார்.

மணி மூன்று ஐம்பத்தெட்டு. கணக்கெடுப்பாளர் தொகையை இரண்டு முறை படித்தார். அவருடைய சம்பளத்தைவிடக் குறைவு.

"இது யாரோட வருமானம்?"

"என் சம்பளம்தான் சார். உங்களுக்கு முன்னாடி மூணு வருஷம் ஒருத்தர் வந்தாரே, எதைச் சொன்னாலும் புள்ளி வச்சே பேசுவாரு, அவரும் 'ஐயாவை எதுக்குத் தொந்தரவு பண்ணணும், உலகத்துக்கு இது போதும்'னு இதைத்தான் எழுதிட்டுப் போவாரு."