அந்த ஃபில்டர் என்னுடையது அல்ல

எதையும் கொட்டிப் பார்க்காமல் வாங்கத் தெரியாத ஜென்மம் நான். பாலக்கோடு மார்க்கெட்டில் தக்காளி விற்றே பழகிய குடும்பம் எங்களுடையது. கூடையில் மேலாகத் தெரியும் பழத்தைப் பார்த்து அங்கே யாரும் விலை சொல்லமாட்டார்கள். கூடையை அப்படியே கவிழ்ப்பார்கள். அடியில் கிடப்பது வெளியே வந்த பிறகுதான் பேச்சு. அந்தப் பழக்கத்தைக் கார் சர்வீஸ் சென்டருக்கும் கொண்டுபோனதுதான் நான் செய்த தப்பு. (தப்பு என்று ஊர் சொல்கிறது. நான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.)

நாற்பது வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டு, முதல் முறையாகத் தனியாக வண்டியை சர்வீசுக்கு விட மாரண்டஹள்ளியிலிருந்து தருமபுரிக்குக் கிளம்பினேன். வாசலில் என் கணவரின் அண்ணன் நின்றிருந்தார். எங்கள் வீட்டில் எந்த முடிவுக்கும் கடைசி வார்த்தை அவருடையது.

"பொம்பள தனியா போனா தலையில மொளகா அரைச்சிருவாங்கம்மா. வேண்டாததுக்கெல்லாம் பில்லு போட்டுக்கிட்டு வந்தீன்னா, நாளையிலருந்து வண்டிய நானே எடுத்துக்கறேன்" என்றார்.

"சரிங்க மாமா" என்றேன். உள்ளே கொதித்தது. அவ்வளவு பாடுபட்டுக் கற்றது ஒரு பில்லில் போய்விடுமா? ரெண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று ஆக்சிலேட்டரை மிதித்தேன். (மூன்றாவது கியரில். அதற்கு மேல் அன்றைக்குப் பயம்.)

சர்வீஸ் அட்வைசர் டை கட்டிய இளைஞர். வண்டியைச் சுற்றி வந்துவிட்டு, வீட்டாரிடம் கெட்ட செய்தி சொல்லப்போகும் டாக்டர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார்.

"இன்ஜின் கிளீனிங் பண்ணிரலாங்களா மேடம்? பாடிக்கு ஒரு கோட்டிங்? ஏசிக்குக் கிருமி மருந்து?"

"ஆயில் மட்டும் மாத்துங்க தம்பி."

"வண்டி பாவங்க மேடம்."

"நானுந்தான் பாவம். ஆயில் மட்டும்."

கண்ணாடி அறையில் போய் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் கறுத்துப்போன ஒரு ஏசி ஃபில்டரைத் தட்டில் ஏந்திக்கொண்டு வந்தார். "உங்க வண்டியோடதுங்க மேடம். இது வழியா வர்ற காத்தத்தான் கொழந்தைங்க சுவாசிக்குது."

ஃபில்டரின் மூலையில் ஒரு பொன்வண்டு செத்துக் கிடந்தது. அந்தப் பொன்வண்டை எனக்கு முன்பே தெரியும். சற்று முன்புதான் பக்கத்தில் இருந்த வேட்டிக்காரரிடம் அதே தட்டில், அதே மூலையில் காட்டினார்கள். அவரும் பதறிப்போய் "மாத்திருங்க" என்று சொல்லியிருந்தார்.

எழுந்துவிட்டேன். "ஏன் தம்பி, தருமபுரியில எல்லா வண்டியிலயும் ஒரே பொன்வண்டுதான் செத்துக்கிடக்குதா?"

அறை முழுவதும் திரும்பியது. "எனக்கும் இதத்தானப்பா காட்டுன?" என்று வேட்டிக்காரரும் எழுந்தார். நான் ஜெயித்துவிட்டேன். புத்தியுள்ளவள் அத்தோடு உட்கார்ந்திருப்பாள். நான் கூடையைக் கவிழ்க்காமல் விடுவேனா? 'வாடிக்கையாளர்களுக்கு அனுமதி இல்லை' என்ற பலகையைத் தாண்டி ஒர்க் ஷாப்புக்குள் நடந்தேன். பின்னாலேயே கூட்டமும் வந்தது.

"என்னோட ஃபில்டர என் கண்ணு முன்னாடி கழட்டுங்க!"

மெக்கானிக் டேஷ்போர்டைக் கழற்றினார். முதலில் நிலக்கடலைத் தோல் கொட்டியது. அடுத்து, காணாமல்போன என் துப்பட்டாவின் துணுக்குகள். பிறகு ஃபில்டரில் மிச்சமிருந்த ஒரு ஓரம். கடைசியாக, கொழுத்த எலி ஒன்று. (விதைக்கடலை மூட்டை ஏற்றிய பலன். ஏசி போட்டால் வந்த நாற்றத்தை என் வீட்டுக்காரர் 'வண்டி வாசம்' என்றே சொல்லிவந்தார்.)

எலி நேராக ஷோரூமுக்குள் ஓடியது. அங்கே ஒரு குடும்பம் மாலை போட்ட புதுக் காருக்கு ஆரத்தி எடுத்துக்கொண்டிருந்தது. கார் கதவு திறந்திருந்தது. எலி ஏறிக்கொண்டது. ஆரத்தித் தட்டு கீழே விழுந்தது.

மேனேஜர் ஓடி வந்தார். "மேடம், உங்க எலி..."

"என்னோடதுன்னு எப்பிடிச் சொல்றீங்க? யாரோட ஃபில்டரையோ என்னோடதுன்னீங்க. இப்ப எலியும் என்னோடதா?"

"கடலத்தோலோட வந்துச்சுங்களே மேடம்."

அவமானத்தில் காது எரிந்தது. புதுக் காரின் சீட்டைக் கழற்றி எலியைப் பிடிக்கும்வரை எல்லோரும் என்னையே பார்த்தார்கள். நானும் பதிலுக்கு எல்லோரையும் பார்த்தேன். அப்போது அட்வைசர் மெதுவாக அருகே வந்தார்.

"மேடம், எலி வராம இருக்க ஒரு ஸ்பிரே இருக்குதுங்க. அடிச்சிரலாங்களா?"

தருமபுரி ஜில்லாவிலேயே அந்த ஸ்பிரே உண்மையில் தேவைப்பட்ட கார் என்னுடையதுதான். "வேண்டாம்" என்றேன். மானம் போன பிறகு பிடிவாதமாவது மிஞ்சட்டுமே.

பில்லில் ஆயிலும் ஒரு புது ஃபில்டரும் மட்டும்தான். மாமா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வேண்டாதது ஒன்றும் சிக்கவில்லை, கார் என்னிடமே நின்றது. ஆனால் அந்த வேட்டிக்காரர் மாமாவுக்குச் சிநேகிதராம். எலிக் கதை மறுநாளே ஊருக்கு வந்துவிட்டது. அன்றிலிருந்து வீட்டுக்கு வரும் விருந்தாளிக்குக் காபிக்கு முன் அதுதான் பரிமாறப்படுகிறது.

போன மாதம் மாமா புதிதாக வாங்கிய ஜீப்புக்கு முதல் சர்வீஸ். காலையிலேயே என் வாசலில் வந்து நின்று தொண்டையைக் கனைத்தார்.

"ஏம்மா, நீயே ஓட்டிக்கிட்டுப் போயி விட்டுட்டு வந்துரு. நான் போனா எதையாவது தலையில கட்டிருவானுங்க."

"எலி இல்லாம எப்பிடிங்க மாமா?"

"போற வழியில புடிச்சிக்க" என்றார்.